வேலியே பயிரை மேய்ந்தால்: ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் "வேலூருக்குக் கொண்டு போயிருக்காங்க" என்று சொன்னாலே பெரிய வியாதி என்று அர்த்தம். அந்த வேலூரில் நடக்கும் ஒரு சிகிச்சையும், அது போய்ச் சேர்ந்த இன்னொரு இடமும்தான் இந்தப் பதிவு.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கின்றன. சிலருக்கு அவையே சொந்த உடம்பைத் தாக்க ஆரம்பித்துவிடும். வேலியே பயிரை மேய்கிற கதைதான். முடக்குவாதம், லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்கிளிரோடெர்மா, நரம்பைக் கெடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் இந்த வகை. மாத்திரைகள் நோயை அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

இந்த அணுக்கள் எல்லாம் பிறப்பது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து. மஜ்ஜையை மாற்றி வைக்கும் முறையை 1950களில் தொடங்கி வளர்த்தவர் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ். 1990ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி இதைத் தொடங்கினார். 1986ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேமன் சாண்டி தலைமையில் தொடங்கியது. தலசீமியா, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குத்தான் இந்தச் சிகிச்சை. ஆனால் சி.எம்.சி.யில் இதே முறையில் சிகிச்சை தரும் அப்ளாஸ்டிக் அனீமியாவில், பெரும்பாலும் நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களேதான் மஜ்ஜையை அழிக்கின்றன. ஆக, வேலி மேய்கிற நோய் ஏற்கெனவே வேலூருக்கு வந்துவிட்டது.

மற்ற நோய்களுக்கு இது போனது தற்செயலாக. முடக்குவாதத்துக்கு ஒரு காலத்தில் தங்க உப்பு ஊசி போடுவார்கள். அதன் பக்கவிளைவாகச் சிலருக்கு மஜ்ஜையே பட்டுப்போனது. அவர்களுக்கு உடன்பிறந்தவர்களின் மஜ்ஜையை வைத்தபோது, சிலருக்கு முடக்குவாதமும் அடங்கிவிட்டது! விலங்குகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். 1995ல் கிரீஸ் நாட்டின் தெசலோனிக்கியில் ஃபாசாஸ் குழுவினர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள்.

இதில் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லே போதும். முதலில் அதை ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைக்கிறார்கள். பிறகு கடுமையான மருந்து கொடுத்து, தாக்கும் அணுக்களை அழிக்கிறார்கள். அப்புறம் சேமித்ததைத் திருப்பி ஏற்றுகிறார்கள். நம்ம ஊர்க் குளத்தை வற்றவிட்டு, தூர் வாரி, தாமிரபரணித் தண்ணீரைக் கால்வாய் வழியாகத் திரும்ப விடுவது மாதிரி. புதிதாகப் பிறக்கும் அணுக்களுக்குப் பழைய பகை இருக்காது என்பது நம்பிக்கை.

சரி, லாப நட்டக் கணக்கு என்ன? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் 110 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019ல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 34 பேருக்கு நோய் முற்றியது. மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 3 பேருக்கு மட்டுமே. ஆனால் 2014ல் வெளியான ஐரோப்பிய ஸ்கிளிரோடெர்மா ஆய்வில், மாற்று சிகிச்சைப் பிரிவில் இருந்த 79 பேரில் 8 பேர் முதல் வருடத்திலேயே சிகிச்சையால் இறந்துபோனார்கள். அதைத் தாண்டியவர்கள் நீண்ட காலத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். குளம் வற்றிக் கிடக்கும் நாட்களில் ஒரு சாதாரணக் கிருமிகூட உயிரை எடுத்துவிடும். அதனால்தான் நோய் முற்றும் அபாயம் உள்ள, உறுப்புகள் இன்னும் கெட்டுப்போகாத நோயாளிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் தீரும்" என்று வரும் விளம்பரங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. நிலத்தை விற்றுப் பணம் கட்டச் சொன்னால், முதலில் இதைக் கேளுங்கள்: இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் எதற்குப் பணம்?