சிலிக்கோன் கருவியின் வரலாறு

ஆண்குறி வடிவில் அமைந்த பாலின்பக் கருவிகள் பண்டைக் கிரேக்கத்தில் தோலாலும், காமசூத்திரம் காட்டும் இந்தியாவில் பொன், வெள்ளி, தந்தம் முதலியவற்றாலும் செய்யப்பட்டன. ஆயினும் உடலின் மென்மையும் எளிதில் தூய்மை செய்யும் தன்மையும் ஒருங்கே வாய்த்த பொருள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இத்தொழிலுக்குள் வந்தது. அதற்கு முன் விற்பனையான ரப்பர்க் கருவிகள் நுண்துளைகள் கொண்டிருந்தமையால், கழுவிய பின்னும் கிருமிகள் அவற்றில் தங்கின. நாளடைவில் அவை பிசுபிசுத்து நாறின.

கரீபியத் தீவான கிரெனடாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கோஸ்னெல் டங்கன், 1965இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மாற்றுத்திறனாளிகளின் இல்லற இன்பத்தை மருத்துவ உலகம் பெரிதும் பேசாது விட்ட அக்காலத்தில், அவர் வேதியியலாளர் ஒருவரின் துணையுடன், வெப்பம் தாங்கும் செயற்கைப் பொருளான சிலிக்கோனை அச்சில் வார்த்துக் கருவிகளை உருவாக்கினார். டெல் வில்லியம்ஸ் 1974இல் நியூயார்க்கில் பெண்களுக்கெனத் தொடங்கிய ஈவ்ஸ் கார்டன் நிறுவனம் அவற்றை விற்றது. தன் தேவையிலிருந்து பிறருக்கும் வழிகண்ட டங்கனின் பணி, மருத்துவ வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.

மின்பொறி இல்லாத முழுச் சிலிக்கோன் கருவியைச் சோப்பு நீரில் கழுவிக் கொதிநீரில் இட்டெடுக்கலாம். ஆனால் சிலிக்கோன் கலந்த வழுக்குப்பசை அதன் மேற்பரப்பைச் சிதைக்கக்கூடும் என்பதால், நீர் சார்ந்த பசையே அதற்கு ஏற்றது.