படகுத்துறையில ஒரு சண்டை, கோர்ட்டுல ஒரு சண்டை

மோதல்ல ஆரம்பிச்சு காதல்ல முடியுற கதை நமக்கு என்ன புதுசா? முதல் ரீல்ல பண்ணையார் பொண்ணும் ஹீரோவும் முறைச்சுக்குவாங்க, இடைவேளைக்குள்ள டூயட் வந்துடும். அமெரிக்காவுல இதையே மாட்டுப் பண்ணையில வச்சு, ஹீரோவுக்கு ஒரு கௌபாய் தொப்பியை மாட்டி, வண்டி வண்டியா நாவல் எழுதி வித்துட்டு இருக்காங்க. 'நிஜத்துல எங்கய்யா இப்படியெல்லாம் நடக்குது'ன்னு நக்கலடிக்கிற ஆளுதான் நானும். டெக்சாஸ்ல இருக்கிற கிங் ரான்ச் பத்திப் படிச்சப்ப வாயை மூடிக்க வேண்டியதாப் போச்சு. அங்க ரெண்டு தலைமுறைக்கு இதே கதைதான் நடந்திருக்கு.

ரான்ச்னதும் நாலு மாடு கட்டின தொழுவம்னு நினைச்சுடாதீங்க. இன்னைக்கும் 8,25,000 ஏக்கர். ரோட் ஐலண்ட் மாநிலத்தோட நிலப்பரப்பை விடப் பெரிசு.

இதை ஆரம்பிச்ச ரிச்சர்ட் கிங் பண்ணையார் வீட்டுப் பிள்ளை இல்லை. 1824ல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ஒரு நகைக்கடைக்காரரிடம் வேலைக்கு விட்டுவிட்டார்கள். பிடிக்காமல் 1835ல் ஒரு கப்பலில் ஒளிந்துகொண்டு அலபாமா பக்கம் ஓடினார். போய்ச் சேர்ந்த துறைமுகத்தின் பேர் மொபைல் (நிஜமாத்தான்!). அப்புறம் படகு வேலை. மெக்சிகோ போர் சமயம் 1847ல் ரியோ கிராண்டே ஆற்றுக்கு வந்தவர், போர் முடிந்ததும் நண்பர் மிஃப்லின் கென்னடியோடு சேர்ந்து நீராவிப் படகு விட ஆரம்பித்தார்.

1850, எல்லையோரத்துப் பிரவுன்ஸ்வில். குடியிருக்க வீடு கிடைக்காத புதுசான ஊர். ஹைரம் சேம்பர்லைன்னு ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர், ஒரு பழைய நீராவிப் படகையே வீடாக்கிக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அது நின்ன இடம் கிங் வழக்கமா படகைக் கட்டுற இடமாம். அசதியா வந்த மனுஷன் அதைப் பார்த்ததும் சகஸ்ரநாம அர்ச்சனையை ஆரம்பிச்சுட்டார். உள்ளேயிருந்து போதகரின் பொண்ணு ஹென்றியெட்டா, 17 வயசு, வெளியே வந்து அவரை லெஃப்ட் அண்ட் ரைட் வாங்கிடுச்சு. இது குடும்பத்துல வழிவழியாச் சொல்லிட்டு வர்ற கதை. எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கோ, யார் கண்டா. ஆனா அதுவரைக்கும் சர்ச் பக்கமே போகாத கேப்டன் அதுக்கப்புறம் போதகரோட பிரசங்கத்துக்கு ஒழுங்கா ஆஜராக ஆரம்பிச்சார்னும் அதே கதை சொல்லுது :)

நாலு வருஷம் ஆச்சு. 1854 டிசம்பர் 10ல் கல்யாணம். அதுக்கு முந்தின வருஷமே கிங் தன் முதல் நிலத்தை வாங்கியிருந்தார். 15,500 ஏக்கர், 300 டாலர். கணக்குப் போட்டா ஏக்கருக்கு ரெண்டு சென்ட் கூட வரலை (காசைச் சொல்றேன், நம்ம ஊர் நில அளவு சென்ட் இல்லை). பழைய மெக்சிகோ குடும்பங்களோட நிலம் அது. போருக்கப்புறம் எல்லைக்கோடு மாறினதில் அவங்க பத்திரம் செல்லுமா செல்லாதான்னே தெரியாமப் போன காலம். விலை ஏன் அவ்வளவு மலிவுன்னு புரியுதில்லையா?

மாடு மேய்க்க ஆளும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தாங்க. குருயாஸ்ங்கிற கிராமம் வறட்சியில காய்ஞ்சு கிடந்தது. கிங் அங்கே மாடுகளை வாங்கிட்டு, ஊர்க்காரங்களையும் குடும்பம் குடும்பமா பண்ணைக்குக் கூட்டிட்டு வந்துட்டார். அவங்க வம்சத்துக்கு 'கினேனோஸ்', அதாவது கிங்கோட ஆட்கள்னு பேரே ஆகிப்போச்சு. உள்நாட்டுப் போரின்போது 1863 டிசம்பரில் வடக்குப் படை பண்ணைக்குள்ள புகுந்தது. கிங் தப்பிப் போயிருந்தார், ஹென்றியெட்டா கர்ப்பமா இருந்தாங்க. 'உள்ளே குடும்பம் இருக்கு, சுடாதீங்க'ன்னு கத்திக்கிட்டு ஓடின பிரான்சிஸ்கோ அல்வரடோங்கிற வேலையாள் குண்டடிபட்டுச் செத்தார். நம்ம காதல் கதையில இவர் பேரு எங்கேயோ மூலையிலதான் வருது.

ரெண்டாவது கதைதான் அசல் தமிழ்ப்படம். 1881ல் ஒரு வழக்குல கிங்குக்கு எதிரா வாதாடி ஜெயிச்சார் ஒரு இளம் வக்கீல். ராபர்ட் கிளெபெர்க், சட்டப் படிப்பு முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தோத்த கிங் என்ன பண்ணார்? அவரையே தன் வக்கீலா வச்சுக்கிட்டார். எதிர் கம்பெனியில நல்லா வேலை பார்க்கிறவனை ஆஃபர் லெட்டர் கொடுத்து இழுக்கிற வேலை அப்பவே இருந்திருக்கு. பண்ணைக்கு வந்துபோக ஆரம்பிச்ச வக்கீல், கடைசி மகள் ஆலிஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சார். 1885 ஏப்ரலில் கிங் வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோக, 1886 ஜூனில் கல்யாணம்.

ஹென்றியெட்டா கைக்கு வந்தது 5 லட்சத்துக்கும் மேல ஏக்கர், கூடவே 5 லட்சம் டாலர் கடன். மாப்பிள்ளை நிர்வாகம், ஆனா முதலாளி மாமியார்தான். 1890கள்ல மாடுகள் செத்து விழுந்த வறட்சி, 1899ல் ஆழத்துல தோண்டினப்ப பீச்சியடிச்ச ஊற்று, அதை நம்பி 1904ல் வந்த ரயில், ரயிலோடு பிறந்த கிங்ஸ்வில் ஊர். அந்த ஊர்ல மனை வாங்கினா சாராயம் விக்கக்கூடாதுன்னு பத்திரத்திலேயே நிபந்தனை. கேப்டன் விஸ்கிப் பிரியர், கூடவே குடித்தனம் பண்ணின அம்மாவுக்குத் தெரியாதா! 1925ல் அவர் இறந்தப்ப சுமார் 200 குதிரைக்காரர்கள் ஊர்வலமா வந்து, ஒவ்வொருத்தரா குழியைச் சுற்றிக் குதிரையை ஓட்டி மரியாதை செய்தார்களாம்.

(ஒரு கொசுறு: ஆலிஸ் மகன் காலத்துல இங்க உருவான சாண்டா கெர்ட்ரூடிஸ் மாட்டினத்துல எட்டுல மூணு பங்கு ரத்தம் பிராமன் மாட்டோடது. பிராமனுக்கு மூலமான இந்திய மாடுகள்ல நம்ம நெல்லூர் மாடும் ஒண்ணு. அப்ப நெல்லூர் சென்னை மாகாணம்தானே.)

இத்தோட நிறுத்தியிருந்தா எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும். ஆனா அந்த முதல் 15,500 ஏக்கர்ல பாதி யாருதுன்னு ஒரு வழக்கு உண்டு. கிங்கோட ஆரம்பப் பங்காளி 1855ல் சுடப்பட்டு இறந்ததும், அவர் பங்கு ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் சாப்மன்னு ஒரு ராணுவ அதிகாரி. அவர் போனபிறகு, அந்தப் பங்கைக் கேட்டு அவர் மனைவி ஹெலன் 1879ல் வழக்குப் போட்டாங்க. 1883ல் சமரசத் தீர்ப்பு. நிலம் கிங்குக்கு, சாப்மன் தரப்புக்கு 5,811 டாலர் 75 சென்ட்.

சாப்மன் வாரிசுகள் 1995ல் இதை மறுபடி கோர்ட்டுக்கு இழுத்தாங்க. அவங்க சொன்ன குற்றச்சாட்டு: ஹெலனுக்கு வக்கீலா இருந்தவங்கள்ல கிளெபெர்க்கும் ஒருத்தர், அதே சமயம் கிங்குக்கும் ரகசியமா வேலை பார்த்தார், அதனாலதான் இவ்வளவு மலிவாச் சமரசம் ஆச்சு. அதாவது நமக்கு டூயட்டாத் தெரியுற அதே வருஷங்கள், அந்தக் குடும்பத்துக்குத் துரோகமாத் தெரியுது. படிச்சதும் எனக்குத் திக்னு ஆச்சு. கிளெபெர்க் ஆலிஸை நிஜமாவே காதலிச்சார்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா 'எதிரியையே மாப்பிள்ளை ஆக்கிக்கிட்ட பெரிய மனசு'ன்னு கிங்கைப் புகழ இப்ப வாய் வர மாட்டேங்குது.

2003ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மோசடி நடந்ததுக்கு ஆதாரம் போதாதுன்னு பண்ணை பக்கமே தீர்ப்புச் சொல்லிடுச்சு. ஹெலன் வழக்குப் போட்டு அப்ப 124 வருஷம் ஆகியிருந்தது.