சைக்கிளில் சுமை கட்டிய கதை

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன் தீபாவளிக்கு வந்தபோது என் பழைய ஹெர்குலிஸுக்கு மூன்று பைகள் வாங்கி வந்தான். ஒன்று பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடத்தில் மாட்டுவது. ஒன்று ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டுவது. மற்றது சீட்டுக்கு அடியில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது. இதற்குப் பெயர் ‘பைக்பேக்கிங்’காம். கேரியரே வேண்டாமாம். “இப்பதான் வந்திருக்கு தாத்தா” என்றான்.

ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? தேடிப் படித்தேன். இப்போது வந்ததல்ல, 1896லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மொன்டானாவில், மிசௌலா கோட்டையில் இருந்த ஜேம்ஸ் மாஸ் என்ற ராணுவ அதிகாரி, குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று பார்க்க, 25ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்டு ஒரு சைக்கிள் பிரிவை அமைத்தார். போர்வையும் கூடாரத் துணியும் சுருட்டி ஹேண்டில்பாரில். மற்ற சாமான்கள் பாருக்குக் கீழே பொருந்தும் ஒரு கெட்டிப் பெட்டியில். பேரன் கொண்டுவந்த அதே ஏற்பாடுதான்! முதலில் ஓர் ஏரிவரை போய்வந்தார்கள். பிறகு யெல்லோஸ்டோன் காட்டுப்பக்கம். அதற்கப்புறம்தான் 1897 ஜூன் 14 அன்று புறப்பட்டு, மழையிலும் சேற்றிலும் 1,900 மைல் ஓட்டி, 41 நாளில் செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். மறுவருடம் ஸ்பெயினோடு போர் வந்தது. சைக்கிள் சோதனை அதோடு நின்றது.

அதே 1897 இறுதியில் ஒரு அமெரிக்கத் தம்பதி நம் பக்கம் கிளம்பினார்கள். ஃபானி புல்லக் வொர்க்மன் என்ற அம்மாளுக்கு அப்போது 38 வயது. கணவர் வில்லியமுக்கு 50. இவர்களும் எடுத்த எடுப்பில் இங்கே வந்துவிடவில்லை. அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் ஓட்டிப் பார்த்து, அதைப் பற்றி இரண்டு புத்தகமும் எழுதிய பிறகுதான் வந்தார்கள். இலங்கை, ஜாவா, பர்மா என்று சுற்றினார்கள். இந்தியாவில் தென்கோடியில் தொடங்கி இமயமலைவரை சைக்கிள் ஓட்டினார்கள். கோயில்களைப் பார்ப்பதில் அவர்களுக்குத் தனி ஆர்வம். 1904இல் வெளியான புத்தகத்தின் தலைப்பிலேயே 14,000 மைல் என்று போட்டிருக்கிறார்கள். சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்ட வேண்டியிருந்ததாம். ஒரே நாளில்! நம் ஊர் கருவேல முள்ளைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சுமை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டியே போனார்கள், தேவையானது கிடைக்கும் என்று. அப்படியும் சில நாள் சோறு தண்ணீர் இல்லை. தங்கிய இடங்களில் எலித் தொல்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவர்களுக்குப் பயணம்தான் முக்கியம், சுமை தொந்தரவு. அப்பாவுக்கோ சுமைக்காகத்தான் பயணமே. 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாம்காரர்கள் ஹேண்டில்பாரில் மூங்கில் கட்டி, ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்களே, அப்பா அந்த ரகம்.

செஞ்சியில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு வருடாவருடம் பொங்கல் சீர் அப்பாவின் சைக்கிளில்தான் போகும். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949இல் தொடங்கியது. அங்கே செய்த ஹெர்குலிஸ்தான் அது. பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து, புடவை, முழுக் கரும்பு. முதல் வருடம் எல்லாவற்றையும் கேரியர்மேல் அடுக்க, முன்சக்கரம் தூக்கிக்கொண்டதாம். அடுத்த வருடம் முன்கூட்டியே இரண்டு சாக்கில் மணலை நிரப்பி, பால்காரர் கேன் மாட்டுவதுபோல் இருபக்கமும் தொங்கவிட்டு, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பாரில் உட்கார வைத்திருந்தார். நிருதி லிங்கத்தருகே கயிறு தளர்ந்து ஒரு சாக்கு ரோட்டில் இழுபட்டது. அங்கேயே அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு இன்றும் என் கைக்குத் தெரியும். (டபுள்ஸ் போனதற்குப் போலீஸ் பிடிக்காதது அதிர்ஷ்டம். உங்களில் பலர் அபராதம் கட்டியிருப்பீர்கள்!)

இந்தப் பொங்கலுக்கு நானும் அப்படியே செய்தேன். பேரனின் பைகளில் 12 கிலோ ஏற்றி ஒரு விடியற்காலையில் மலையைச் சுற்றினேன். முக்கோணப் பை முழங்காலில் உரசி உயிரை எடுத்தது. ரெக்சின் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு விரற்கடை ஒடுக்கினேன். வால் பை ஆடியது. அதற்கு அப்பாவின் முடிச்சு.

போகியன்று ஐந்து மணிக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரி வாசலில் நின்று போன் சார்ஜ் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டாள். திண்டிவனம் ரோட்டில் கீழ்பென்னாத்தூரில் ஒரு டீ. ராஜகிரி கண்ணில் படும்போது தொடை இரண்டும் கடுத்தது, ஆனால் எந்தப் பையும் அசையவில்லை. ஒன்பதரைக்கு அத்தை வீட்டு வாசலில் நின்றேன்.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. பைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தடவித் தடவிப் பார்த்து வாங்கி வைத்தார். கடைசியில், “ஏண்டா, கரும்பு எங்கடா?” என்றார்.

மூன்று பையிலும் கரும்புக்கு இடமில்லை. திரும்பவும் கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு முழுக் கரும்பு வாங்கி, அடி முன்னாலும் தோகை பின்னாலுமாகப் பாரின் பக்கவாட்டில் கட்டினேன். ஹேண்டில்பாரை இருபக்கமும் திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தில் இடிக்கவில்லை.