கிணற்றில் உப்பு ஏறிய கதை

வடசென்னையின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறைமுகத்தை எழுதுவர். 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட இரயிலை எழுதுவர். ஆலைகளை எழுதுவர், ஆலை வாயிலில் கொடி பிடித்த தொழிலாளரை எழுதுவர். எழுதத்தக்கவையே அவை. ஆனால், அந்தத் தொழிலாளியின் வீட்டுக் கிணறு ஏன் கரித்தது என்று எழுதினோர் எத்தனை பேர்? அந்தக் கதையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

"கலி முற்றிவிட்டது, கங்கை கோபித்துக்கொண்டாள், கிணறு உப்பாயிற்று" என்று தீர்ப்புக் கூறும் திண்ணைப் பெரியவர்கள் உண்டு. கங்கைக்குக் கோபமென்றால் காசியில் அல்லவா உப்பேற வேண்டும்? கொருக்குப்பேட்டையின்மீதும் எண்ணூரின்மீதும் அவளுக்கு என்ன தனிப் பகை? கேட்டால் பெரியவர் வெற்றிலையை மென்றபடி வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

நீரை ஐம்பூதங்களில் ஒன்று, பிரிக்க முடியாத மூலப்பொருள் என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. இங்கு மட்டுமல்ல, கிரேக்கத்திலும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கேவண்டிஷ், எரியும் வாயு ஒன்று காற்றிலுள்ள உயிர்வாயுவுடன் சேர்ந்து எரிகையில் நீர் பிறப்பதைக் கண்டார். பிரான்சின் லவாய்சியே அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன், அதாவது 'நீரைப் பிறப்பிப்பது', என்று பெயரிட்டார். அன்றே பூதம் பொருளாயிற்று. பொருளென்றால் அதற்கு எடை உண்டு. நம் கிணற்றின் கதை முழுவதும் அந்த எடையில்தான் அடங்கிக் கிடக்கிறது.

உலகிலுள்ள நீரையெல்லாம் நூறு குடம் என்று கொள்வோம். தொண்ணூற்றேழு குடத்துக்கு மேல் உப்புநீர். மிஞ்சும் இரண்டரைக் குடம் நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு பனியாய் உறைந்து கிடக்கிறது. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி மண்ணுக்கடியில். நாம் பாடிப் பரவும் ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்தால் ஒரு கையளவு தேறும், அவ்வளவே.

கடல்நீரைக் குடித்தால் என்ன? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அவ்வளவு செறிந்த சிறுநீரை உண்டாக்க நம் சிறுநீரகத்தால் ஆகாது. ஆகவே, ஒரு குவளை கடல்நீரின் உப்பை வெளியே தள்ள, உடல் ஒரு குவளைக்கு மேற்பட்ட நீரைச் செலவழிக்கிறது. குடிக்கக் குடிக்க வறட்சி! எதையும் கரைத்துச் சுமக்கும் ஆற்றலால்தான் நீர் நம் குருதியாய் ஓடி உயிர் காக்கிறது. அதே ஆற்றலால் உப்பைச் சுமந்து உயிரை வாங்கவும் செய்கிறது. நூறு குடம் நன்னீரில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தால் போதும், நாக்கு அதைக் கண்டுகொள்ளும்.

இனி ஊருக்கு வருவோம். 1772-இல் கும்பினியின் பொறியாளர் கேப்டன் பேக்கர், கறுப்பர் நகரத்தின் வடபுறத்து மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் தோண்டுவித்தார். ஏழு கிணறு என்று இன்றும் அந்தப் பகுதிக்குப் பெயர். நாளொன்றுக்கு 1,40,000 காலன் நீர், அதாவது ஆறு இலட்சம் லிட்டருக்கு மேல், எடுக்கத் திட்டம். யாருக்காக? கோட்டைக்காக! நகரத்து மக்களோ மேலும் நூறாண்டு தத்தம் ஆழமற்ற கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். 1872-இல்தான் கொற்றலை ஆற்று நீர் தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்டு, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரியை அடைந்து, கால்வாயில் நகருக்கு வந்தது. அதுவும் வடிகட்டாத நீர். மணல் வடிகட்டிகளுடன் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் எழுந்தது 1914-இல். பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல்.

ஏழு கிணற்று நீர் இனித்ததில் தெய்வச் செயல் ஏதுமில்லை. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் கிடந்த உப்புநீரின்மேல் மிதந்தது. ஆம், மிதந்தது! ஒரு லிட்டர் நன்னீர் 1000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீர் 1025 கிராம். இந்த இருபத்தைந்து கிராம் வேறுபாட்டை வைத்து, கடற்கரை நிலத்தின் இரகசியத்தை இருவர் கணக்கிட்டனர்: ஆலந்து நாட்டுப் படைப் பொறியாளர் கைபென் 1880-களின் இறுதியில்; செர்மானியரான எர்சுபெர்க் 1901-இல். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பதடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. நாற்பத்தோரடி நன்னீரின் எடையும் நாற்பதடி கடல்நீரின் எடையும் ஒன்று, தராசு சமமாகிவிடுகிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! மேலே ஓரடி இறைத்துவிட்டால்? கீழிருந்து நாற்பதடி உப்பு, மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி மேலேறும். இடையிலுள்ள களிமண் படுகைகள் அதைத் தாமதப்படுத்தும், திசை திருப்பும். ஆனால் எடையின் சட்டத்தை மாற்றா.

வடக்கே நடந்தது இதுதான். 1960-களில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் ஆரணி, கொற்றலை ஆற்றுப் படுகைகளை ஆராய்ந்தனர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் மணலுக்கடியில் வளமான நன்னீர் கண்டனர். அதே காலத்தில் மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையம் என்று வரிசையாய் எழுந்தன. நீரின்றி எந்த ஆலை ஓடும்? ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. உழவரின் பம்புகளும் இறைத்தன. மேல்மட்டம் தாழ்ந்தது, கடல் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே நடந்து வந்தது. தென்னையும் நெல்லும் நின்ற ஊர்களில் கிணறுகள் உப்பேறின. ஆலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை; ஆலையில்லாத் தமிழகம் அடுப்பெரியாத் தமிழகம். ஆனால் இறைத்தவர் ஒருவர், கரித்த நீரைக் குடித்தவர் வேறொருவர் என்பதை வரலாறு எழுதுவோர் மறைக்கலாகாது. அதை 'விதி' என்று அந்த மக்களிடம் சொன்னவர்கள், இறைத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தார்கள்!

2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். நன்று, ஆனால் மலிவன்று. மெல்லிய சவ்வின் வழியே கடல்நீரைப் பேரழுத்தத்தில் பிழிந்தெடுக்க, ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். மழை இலவசமாய் நிரப்பிவந்த மணலைக் காலி செய்துவிட்டு, மின்சாரம் கொடுத்துக் கடலை வடிகட்டுகிறோம்.

பிறகு 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அரசின் அறநிலையத் துறை, மழை வேண்டி வேள்வியும் செபமும் நடத்துமாறு கோயில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது! வருணன் வந்தாரா? வந்தது சோலார்பேட்டையிலிருந்து இரயில். சூலை 12 அன்று, ஐம்பது தொட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீருடன் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில், நம் எம்.கே.பி. நகருக்கு அருகே கொடுங்கையூரில், ஆரவாரமில்லாத வேறொரு வேலை நடந்தது. நகரத்துக் கழிவுநீரை மேலும் மேலும் தூய்மையாக்கி, நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்கத் தொடங்கியது. "சாக்கடை நீரா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு உயிர்வாயுவும் எந்தத் தெருவழியே வந்தன என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை. உடன் வந்த அழுக்கைப் பிரித்துவிட்டால் நீர் நீர்தான். மனிதர் தொட்டதால் குளம் தீட்டாயிற்று என்று கதவடைத்த நாட்டில், இதை இருமுறை சொன்னாலும் தகும். அந்த நாலரைக் கோடி லிட்டரும், ஆலைகள் இனிக் கேட்கவேண்டாத நன்னீர்.

மணலை மீண்டும் நிரப்புவதும் கனவன்று. மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-இல் ஆணை பிறந்தபின், சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் மேலெழுந்தது. மேலே ஓரடி ஏறினால் கீழே நாற்பதடி உப்பு பின்வாங்கும். கணக்கு இருபக்கமும் பொருந்தும். ஆனால் மொட்டைமாடிக் குழாய்களில் எத்தனை இன்று மண்ணில் இறங்குகின்றன, எத்தனை நேரே சாக்கடைக்குப் போகின்றன? கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டரில், இடையே பக்கிங்காம் கால்வாயும் கிடக்க, வாழ்கிற நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

எண்ணுவதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. கல் கட்டிய கயிறு ஒன்று நீர்மட்டத்தைச் சொல்லும். பள்ளி ஆய்வுக்கூடத்து வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளி போதும். உப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு நீர் பாலாய் வெளுக்கும். நம் மாணவர் சிலர் சென்ற மாதம் தெருத்தெருவாய்ச் சென்று இருபத்தொரு கிணறுகளில் நீர் எடுத்து வந்தனர். மழைக்குப்பின் அதே கிணறுகளில் மீண்டும் எடுக்கப் போகின்றனர்.