பேனா நட்பும் சோதனைச் சாவடியும்

தன்னைப் பற்றிய சின்னஞ்சிறு தகவல்களை நண்பரிடம் சொல்லி மகிழ்வது கணினியோடு பிறந்த வழக்கமன்று. 1930இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932இல் தொடங்கிய தினகரனையும் படித்து வளர்ந்த இலங்கை வாசகருக்குப் ‘பேனா நட்பு’ நன்கு தெரியும். பெயர், வயது, விலாசம், பொழுதுபோக்கு என நான்கு வரி அச்சில் வந்தால் போதும். முகமறியாத ஒருவரிடமிருந்து கடிதம் வரும். முத்திரை சேகரித்தலும் வானொலி கேட்டலும் பெரும்பாலும் இடம்பெறும் பொழுதுபோக்குகள்.

கல்முனைக்கு அருகே, தமிழரும் முஸ்லிம்களும் அயலவராக வாழும் நற்பிட்டிமுனை போன்ற ஊர்களுக்கு யாழ்ப்பாணமும் மலையகமும் இவ்வாறே தபாற்காரரின் சைக்கிளில் வந்து சேர்ந்தன. பெயரைக் கண்டதுமே சமயம் தெரிந்துவிடும். நட்புக்கு அது தடையாகவில்லை.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983இல் போர் மூண்டது. 1990இல் கிழக்கின் தமிழர், முஸ்லிம் உறவும் குருதியில் நனைந்தது. நண்பருக்கு விரும்பி எழுதிய அதே பெயரும் வயதும் விலாசமும் சோதனைச் சாவடியின் விசாரணைக் கேள்விகளாயின. சட்டைப்பையில் கிடந்த விலாசக் குறிப்பேடுகூடச் சந்தேகத்துக்கு இடமளிக்கும் பொருளாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. இன்றைய இளைஞர் தம் பிறந்தநாளையும் பிடித்த உணவையும் நண்பரிடம் தயக்கமின்றிச் சொல்வதைப் பலர் வீண்பேச்சு என்கின்றனர். நான் அவ்வாறு கருதுவதில்லை. தன் பெயரையும் ஊரையும் அச்சமின்றிச் சொல்ல முடிவதன் அருமை, சொல்ல அஞ்சிய காலத்தைக் கண்டவர்களுக்கே விளங்கும்.