சுழல் பொறி மீள்கட்டமைப்பு

சுழல் பொறி மீள்கட்டமைப்பு என்பது தேய்ந்த வாங்கெல் வகைச் சுழல் பொறியை முழுவதுமாகப் பிரித்து, உறுப்புகளை அளந்து, அடைப்புகளை மாற்றி மீண்டும் பூட்டும் பணி ஆகும். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1978 முதல் 2002 வரை தயாரித்த ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் கார்களின் 12ஏ, 13பி பொறிகளிலேயே இது மிகுதியாகச் செய்யப்படுகின்றது.

அமைப்பு

இப்பொறியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்புச் சிறுத்த நீள்வட்டம் போன்ற உறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று சுழல்கின்றது. தண்டு மூன்று முறை சுற்றும்போது சுழலி ஒரு முறை சுற்றும். 13பி பொறியில் இரண்டு சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 654 கன செ.மீ. கொள்ளளவு உடையது. பிஸ்டன் வளையங்களின் வேலையை இங்கு ஒவ்வொரு சுழலியிலும் உள்ள 3 முனை அடைப்புகள், 6 பக்க அடைப்புகள், 6 மூலை அடைப்புகள் செய்கின்றன.

முனை அடைப்பு தொடக்கம் முதலே இப்பொறியின் நலிந்த இடமாகும். ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய பொறி 1957 இல் முதன்முதலில் இயங்கியது. பின்னர் மாஸ்டா பொறியாளர்கள் சோதித்தபோது, உறையின் உட்சுவரில் அலைஅலையாகக் கீறல்கள் விழுந்தன. அவற்றை அவர்கள் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அழைத்தனர். அலுமினியம் ஊட்டிய கரி அடைப்புகளால் இச்சிக்கலைத் தீர்த்த பின்னரே 1967 இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

பழுதறிதல்

சுழலியின் மூன்று முகங்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சாதாரண அமுக்கமானி மிக உயர்ந்த அளவை மட்டுமே காட்டுவதால், ஒரு முகம் முற்றிலும் பழுதாகியிருந்தாலும் அது தெரியாமல் போகலாம். வெண்புகையும் குளிர்நீர்க் குறைவும் நீரடைப்பு ரப்பர் வளையங்கள் பழுதானதைக் காட்டும். இது பெரும்பாலும் பொறி அளவுக்கு மீறிச் சூடேறியதன் விளைவு. டர்போ பொருத்திய பொறிகளில் வெடியதிர்வினால் முனை அடைப்பு உடைந்து, துண்டுகள் வெளியேறும் வழியில் டர்போவையும் சிதைப்பதுண்டு.

அளத்தலும் பூட்டலும்

திண்டுக்கல், கோவை போன்ற ஊர்களின் லேத் பட்டறைகளில் பழைய டீசல் பொறியின் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். சுழல் பொறியில் அவ்வழி இல்லை. அலுமினிய உறையின் உட்சுவரில் உள்ள குரோமியப் பூச்சு உரிந்திருந்தால், பொதுவாக அவ்வுறையையே மாற்ற வேண்டும். வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளில் படித்தேய்மானம் 0.10 மி.மீ. வரையும், வளைவு 0.04 மி.மீ. வரையும் மட்டுமே ஏற்கத்தக்கது. இவற்றை அளக்காமல் அடைப்புகளை மட்டும் மாற்றுவது வீண்செலவே. புதிய அடைப்பும் பழைய கீறலின் மீதுதான் ஓடும்.

பக்க அடைப்பின் நுனியைக் கையால் அராவி, மூலை அடைப்புடனான இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்குமாறு பொருத்துவர். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. பின் தகடுகளையும் உறைகளையும் மாறிமாறி அடுக்கி, நீண்ட மரையாணிகளால் உரிய வரிசையில் படிப்படியாக இறுக்குவர். இறுதியில் தண்டின் முன்பின் அசைவு 0.04 முதல் 0.07 மி.மீ. வரை இருத்தல் வேண்டும்.

இந்தியாவில்

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் பிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களுடன் உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கெல் பொறி, நிஷாந்த் ஆளில்லா வானூர்தியில் 2009 இல் பறந்து சோதிக்கப்பட்டது.

உதிரிப்பாகங்கள்

ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012 இல் நின்றது. 2023 இல் மாஸ்டா மீண்டும் சுழல் பொறியை, எம்எக்ஸ்-30 மின்காரின் மின்னாக்கியாக வெளியிட்டது. ஆயினும் அது 830 கன செ.மீ. கொண்ட ஒற்றைச் சுழலிப் பொறி. சுழலியின் அளவே வேறு என்பதால், அதன் சுழலியும் உறையும் 13பி பொறிக்குப் பொருந்தா.