போபால் பெண்களும் நீருக்கான போராட்டமும்

போபாலின் துயரம் பெரும்பாலும் 1984 டிசம்பர் 2, 3 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயுவைக் கொண்டே பேசப்படுகிறது. ஆயின், ஆலையைச் சூழ்ந்த ஏழைக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தது அவ்வாயுவன்று. விபத்துக்கு முன்பிருந்தே ஆலை வளாகத்திலும் அதன் கழிவுக் குட்டைகளிலும் சேர்ந்த கழிவுகளேயாகும். 1989இல் 47 கோடி டாலருக்கு ஏற்பட்ட உடன்பாடு வாயுவால் நேர்ந்த இழப்பையே கருதியது.

இவ்விடைவெளியை வெளிக்கொணர்ந்தோருள் எழுதுபொருள் தொழிற்கூடப் பெண்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா ஆகியோர் தலைமையில் 1986இல் சங்கம் அமைத்தனர். 1989இல் ஊதிய உரிமை கோரித் தில்லிக்கு நடந்தனர். ஊதியத்திற்காகத் திரண்ட அவ்வமைப்பே பின்னர்த் தூய நீருக்கான போராட்டத்திலும் முன்னின்றது. மாசுற்ற குடியிருப்புகளுக்கு நன்னீர் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. அது முறையாக நிறைவேறாமையால், 2006இல் பாதிக்கப்பட்டோர் மீண்டும் தில்லிக்கு நடந்தனர்.

ஆலையில் சேமித்து வைக்கப்பட்டிருந்த 337 டன் கழிவு 2025இல் பீதம்பூரில் எரிக்கப்பட்டது. மண்ணில் புதைந்ததும் நீரில் கலந்ததும் அக்கணக்கில் அடங்கா. எனவே, போபாலை ஓர் இரவின் விபத்தாக மட்டும் எழுதுவது, அப்பெண்கள் நிலைநாட்ட முயன்ற பொறுப்பை வரலாற்றிலிருந்து விலக்குவதாகவே முடியும்.